போஸ்ங்கற பேரைப் பத்தி, டோக்கியோல இருக்கற என் மகளுக்கு

பாப்பா, ஆபீஸ்ல எல்லாரும் போஸ்-சான்னு கூப்பிடறாங்க, அந்த பெங்காலி மேடம் நீங்க கல்கத்தாவான்னு கேக்கறாங்க, பாஸ்போர்ட்ல இருந்தே இதை எடுத்துடலாமான்னு கேட்டியே, போன்ல எனக்குச் சரியா சொல்ல வரல, அதான் எழுதறேன்.

நமக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது. சர்நேம் கட்டத்துல அப்பா பேரை எழுதினோம், நீ போஸ் ஆயிட்ட. எனக்கு இந்தப் பேரை வச்சது உங்க தாத்தா. 1939ல நேதாஜி மதுரைக்கு வந்துட்டுப் போனாரு, அந்தப் பேச்சு ரொம்ப வருஷம் ஓயவே இல்லைன்னு சொல்வாரு. அப்புறம் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன நம்ம சனங்க எத்தனையோ பேர் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல, அதான் ஐஎன்ஏல சேந்தாங்க, பொம்பளப் புள்ளைங்க ஜான்சி ராணி படையில துப்பாக்கி தூக்குச்சுங்க. அதனாலதான் நம்ம பக்கம் இத்தனை போஸ். வங்காளத்துல அது பரம்பரையா வர்றது, இங்க பிரியப்பட்டு வச்சது.

ஆனா நீ இருக்கற ஊருக்கு இன்னொரு போஸைத் தெரிஞ்சிருக்கணும்மா. ராஷ் பிஹாரி போஸ். 1912ல டெல்லியில வைஸ்ராய் ஹார்டிஞ் மேல குண்டு வீசின கேஸ்ல போலீஸ் வலைபோட்டுத் தேடுச்சு, 1915ல ஜப்பானுக்குத் தப்பிச்சுப் போனாரு. பிரிட்டிஷ்காரன் நெருக்கவும் ஜப்பான் அரசாங்கமும் வெளிய போன்னு சொல்லிடுச்சு, அப்ப ஷின்ஜுகுல நகாமுரயான்னு பேக்கரி வச்சிருந்த சோமா குடும்பம்தான் ஒளிச்சு வச்சுக் காப்பாத்துச்சு. அந்த வீட்டுப் பொண்ணு தோஷிகோவையே 1918ல கட்டிக்கிட்டாரு, பாவம் அந்தம்மா 1925லயே போயிடுச்சு. 1927ல அந்தக் கடையில நம்ம நாட்டு முறையில கறி போட ஆரம்பிச்சதும் இவராலதான், இன்னைக்கும் நகாமுரயா கறின்னா அங்க பேரு.

எனக்கு அவர்மேல பெரிய மதிப்பு எதுக்குன்னா, அத்தனை வருஷம் அங்கயே கிடந்து இந்திய சுதந்திர லீக்கைக் கட்டி வளத்துட்டு, 1943ல சிங்கப்பூர்ல தன்னைவிட 11 வயசு சின்னவரான சுபாஷ்கிட்ட தலைமையை மனசார தூக்கிக் குடுத்தாரு பாரு, அதுக்குத்தான். ரெண்டு பேருக்கும் சொந்தம் எதுவும் கிடையாது. 1945 ஜனவரியில டோக்கியோலயே இறந்துட்டாரு, சுதந்திரத்தைப் பாக்கல. மகனும் அதே வருஷம் ஒகினாவா சண்டையில போயிட்டான்.

இன்னும் எத்தனையோ போஸ் இருக்காங்க. வெள்ளைக்காரனை எதிர்த்துப் போராடின குதிராம் போஸ் 1908ல தூக்குல ஏறினப்ப வயசு 18, அதை நினைச்சா இப்பவும் மனசு பிசையுது. விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ், வெள்ளைக்கார வாத்தியாருக்கு ஒரு சம்பளம் எனக்கு ஒரு சம்பளமான்னு பிரசிடென்சி காலேஜ்ல மூணு வருஷம் சம்பளமே தொடாம பாடம் நடத்தினவரு. அவர்கிட்ட படிச்ச சத்யேந்திர நாத் போஸ் 1924ல டாக்காவுல இருந்து அனுப்பின இயற்பியல் கட்டுரையை ஐன்ஸ்டீனே ஜெர்மன்ல மொழிபெயர்த்து வெளியிட வச்சாரு, போஸான்னு துகளுக்குப் பேரு வந்தது இவராலதான், அது உனக்கே தெரியும்.

பேரை எடுக்காதம்மா, அப்படியே இருக்கட்டும். அந்த மேடம்கிட்ட, நாங்க தமிழ், நேதாஜி மேல உள்ள பிரியத்துல எங்க தாத்தா வச்ச பேருன்னு தைரியமா சொல்லு. அவங்க சாந்திநிகேதன்ல படிச்சவங்கன்னு சொன்னியே, அப்ப அங்க வாத்தியாரா இருந்த ஓவியர் நந்தலால் போஸ் பத்திக் கேளு. 1938 ஹரிபுரா காங்கிரஸுக்குத் தலைவர் சுபாஷ், பந்தலுக்குப் படம் வரைஞ்சது நந்தலால், நம்ம அரசியல் சட்டப் புத்தகத்துல படம் போட்டதும் அவரும் அவர் மாணவர்களும்தான். அவங்களுக்கு இன்னும் நிறைய தெரிஞ்சிருக்கும், கேட்டு எனக்கும் எழுது.

அப்பா