கொக்கிரகுளம் ஆட்டோ அண்ணாச்சிக்கு நன்றி

போனில் வரும் புதிர்க் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் நாமே நடந்து ஊரைச் சுற்றுகிற விளையாட்டு ஒன்றை நானும் என் மகளும் நெல்லையில் ஆடிக்கொண்டிருந்தோம். நெல்லையப்பர் கோவில் இசைத்தூண் முடிந்து, 'ஒருவர் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம், வளைவுகள் எத்தனை?' என்ற குறிப்போடு கொக்கிரகுளம் வந்தபோது, வெயிலில் போன் கொதித்து அணைந்துவிட்டது. மகள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

அண்ணாச்சி, நாங்கள் உங்களைக் கூப்பிடக்கூட இல்லை. நீங்களாகவே வந்து எங்களை ஆட்டோ நிழலில் உட்காரவைத்து, துண்டை நனைத்துப் பிழிந்து அவள் கழுத்தில் போட்டீர்கள். அப்புறம், 1843-ல் சுலோசன முதலியார் தாமிரபரணிக்குக் குறுக்கே பாலம் கட்டிய கதையைச் சொன்னீர்கள், ஆனால் விடையை மட்டும் சொல்லவே இல்லை! ஆற்றோரம் கூட்டிப்போய், "நீயே எண்ணிப் பாரு தாயி" என்றீர்கள். விரல் நீட்டி எண்ணி, "பதினொண்ணு!" என்று அவள் கத்தியதில் உங்களுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்.

காசு நீட்டியதற்குக் கோபப்பட்டுக் கிளம்பிவிட்டீர்கள், பெயர்கூடக் கேட்க முடியவில்லை. ரொம்ப நன்றி அண்ணாச்சி. அந்தப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் யாராவது படித்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.