வண்டியை ஒப்படைத்துவிட்டேன்

அன்புள்ள மாப்பிள்ளை,

நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள், இப்போது செய்தியைக் கேள். பழைய லாரி கம்பெனியை விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை சாவியைக் கொடுத்தேன். வருகிற திங்கட்கிழமை புது இடத்தில் வண்டி ஏறுகிறேன்.

நீ கடைசியாகப் போனில் பேசியதுதான் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. "ஒருநாள் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, சாவியை சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன்" என்றாய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. எனக்கும் அந்த நினைப்பு வந்தது, மாப்பிள்ளை. லோடு இறக்க விடாமல் மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். திரும்பி வந்தால், காத்திருந்த நாளுக்குப் பேட்டா, அதாவது தினப்படி, கிடையாது என்றார்கள். அன்று இரவு கேபினில் தூக்கமே இல்லை. ஆனால் பின்னால் இருப்பது யாரோ ஒருவருடைய சரக்கு. நாம் இறங்கிப் போன பிறகு அதில் ஒரு மூட்டை குறைந்தாலும் பதில் சொல்லவேண்டியது நாம்தான். ஒன்பது வருஷம் ஒழுங்காக ஓட்டியதை யாரும் பேசமாட்டார்கள். "வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனவன்" என்ற ஒரு வரிதான் நிற்கும்.

அதனால் வரிசையாகச் செய்தேன். முதலில் புது இடத்தை உறுதி செய்துகொண்டேன். "வாங்க, பார்த்துக்கலாம்" என்ற பேச்சை நம்பி இருக்கிற வேலையை விடாதே. சம்பளம், எந்த மாதிரி வண்டி, எந்த ரூட், எத்தனை நாளுக்கு ஒருமுறை வீடு, சேரும் தேதி, எல்லாம் தாளில் வந்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். யார்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை, மீசைக்காரரிடம்கூட. அவரிடம் சொன்னால் ஓனருக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்று உனக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுத்தேன். 15 நாள் நோட்டீஸ் என்று இருந்தது. கடிதம் நான்கே வரி: விலகுகிறேன், கடைசி வேலை நாள் இது, அதுவரை கொடுக்கிற டிரிப்பை முடித்துத் தருகிறேன், இத்தனை நாள் வேலை கொடுத்ததற்கு நன்றி. மனக்குறை ஒன்றையும் அதில் எழுதவில்லை. நகலில் தேதி போட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினேன். பேட்டா விஷயத்தைத் தனியாகப் பேசினேன். கேட்டுக்கு வந்து சேர்ந்த நேரமும் வெளியே வந்த நேரமும் போட்ட சீட்டைக் கையோடு கொண்டுபோனேன். மூன்று நாளில் இரண்டு நாளுக்குக் கிடைத்தது. அதோடு விட்டேன்.

ஓனர் முதலில் கத்தினார். மறுநாள் கூப்பிட்டு, சம்பளத்தை ஏற்றித் தருகிறேன், இருந்துவிடு என்றார். ஒரு நிமிஷம் ஆடிப்போனேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பக்கம் வார்த்தை கொடுத்தாகிவிட்டது. "மன்னிச்சுக்குங்க, முடிவு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு லோடு கொடுக்கும் பார்ட்டிகளின் நம்பர் எல்லாம் என் போனில் இருந்தது. ஒன்றையும் புது இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. அந்த லோடு அவர் சம்பாதித்தது.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்லவந்தது. அந்த 15 நாள் எதற்கு? ஓனர் வேறு ஆள் தேடிக்கொள்வதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு சின்னப் பையனை என் வண்டிக்குப் போட்டார்கள். லைசென்ஸ் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. அவன் என் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி எந்தத் தாளிலும் இல்லையே!

இரண்டு டிரிப் அவனோடு போனேன். குளிரில் மூன்றாவது கியர் அடம்பிடிக்கும், முரட்டுத்தனமாகத் தள்ளாதே என்றேன். காலி வண்டியில் ஸ்டீயரிங் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும். ராத்திரி நிறுத்தினால் காலையில் பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் முள் வழக்கத்தைவிடக் கீழே நிற்கும், பிரஷர் ஏறுவதற்கு முன் நகர்த்தாதே. ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் தினமும் வடித்துவிடு. வலது பின்பக்க உள் டயர் இப்போதுதான் மாற்றியது, கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கிப் பார். பின் இடது பிரேக் டிரம் இறக்கத்தில் சீக்கிரம் சூடேறும். அதனால் இறக்கம் ஆரம்பிக்கிறதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதே. டிரம் கொதித்துவிட்டால் நீ எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதியும் கொடுத்தேன். ரிப்பேர் பார்க்கவேண்டியதை ஆபீஸுக்கும் எழுதிக் கொடுத்தேன். நான் சாவியை சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுப் போயிருந்தால், அவன் இதையெல்லாம் ஒரு இறக்கத்தின் நடுவில்தான் தெரிந்துகொண்டிருப்பான். நீ யோசித்துப் பார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்தேன். கிலோமீட்டர், டீசல் முள், பத்து டயர், ஸ்டெப்னி, ஒவ்வொன்றின் நம்பரோடு. பிற்பாடு டயர் மாறிவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், தார்ப்பாய், கயிறு, தீயணைப்பான், டீசல் கார்டு எல்லாம் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். அட்வான்ஸ் கணக்கை டோல் ரசீதோடு முடித்தேன். கேபினைத் துடைத்துக் கழுவிக் கொடுத்தேன். அனுபவச் சான்றும் கையில் இருக்கிறது.

புது இடத்திலிருந்து ஓனருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். விபத்து உண்டா, சரக்கு குறைந்ததுண்டா, ஏன் போகிறான் என்று. கோபத்தில் இருந்த மனுஷன், "கணக்கு சுத்தம், வண்டியைத் தன் வண்டி மாதிரி பார்த்தான்" என்றாராம். புது மேனேஜர் அதை என்னிடம் சொன்னபோது என்னால் சட்டென்று பேசமுடியவில்லை.

நேற்று ராத்திரி அந்தப் பையன் கூப்பிட்டான். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே இறக்கத்துக்கு முன்னாடியே கியரைக் குறைச்சேன்" என்றான். அவ்வளவுதான் பேசினான், வைத்துவிட்டான்.

உன் கம்பெனி தாளில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று பார்த்து எழுது. அதுவரை வண்டியை எங்கேயும் ஓரங்கட்டமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு. கடிதத்தை நானே எழுதித் தருகிறேன், உன் கையெழுத்தை எந்த ஓனரும் படிக்கமுடியாது.

அப்புறம், கேபினைக் கழுவும்போது சீட்டுக்குப் பின்னால் உன் டார்ச் லைட் கிடைத்தது. மீசைக்காரர்தான் எடுத்தார் என்று யார்டே கேட்கும்படி சண்டை போட்டாயே! முதலில் அவருக்கு ஒரு போன் போடு.

இப்படிக்கு,
உன் பழைய பார்ட்னர்