சீதன வீட்டைக் கணக்கில் சேர்க்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெயரைப் போடவில்லை. கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடியிலிருந்து அக்கரைப்பற்று வரை இதே நியாயத்தைச் சொல்லும் ஆம்பிளைகளைக் கண்டிருக்கிறேன், அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

மச்சாளைப் பிரியும்போது அவளுக்குக் கொடுக்கவேண்டிய தாபரிப்பு, அதாவது சீவனத்துக்கான காசு, பற்றிப் போன ஞாயிறு போனில் சொன்னாய்: "அக்கா, அவளுக்குச் சீதன வீடு இருக்கு. பிள்ளைக்கும் காசு குடுக்கிறன். மறுகா என்னத்துக்குத் தாபரிப்பு?"

பிள்ளையின் செலவு வேறு கணக்கு, அதை விடு. வீட்டுக்கு வருவோம். நம்ம பக்கத்தில் வீட்டைப் பெண்ணின் பேரில் எழுதுவதும் மாப்பிள்ளை அங்கே போய் இருப்பதும் வழமை. மச்சாளின் தாய் தகப்பன் வயலை விற்றுக் கட்டிய வீடு அது. பதினொரு வருசம் நீயும் அந்தக் கூரைக்குக் கீழேதான் படுத்தாய். நீ கொடுக்காத ஒன்றை உன் பங்கில் எப்படிக் கழிப்பாய்?

நீ கட்டார் போக ஏஜென்சிக்குக் கட்டிய காசு அவளுடைய நாலு காப்பு. அடகு ரசீதைப் பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்தாள், வட்டி கட்டும் திகதியைப் பென்சிலால் எழுதி. காப்பு மீளவில்லை, ஏலத்தில் போயிற்று. அம்மா பாரிசவாதத்தில் விழுந்ததும் முன்பள்ளி வேலையையும் விட்டாள். மூன்று வருசம் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தவள் அவள். பெற்ற மகள் நான் அதைச் செய்யவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

உன் சம்பளம் ஏறிய வருசங்களில்தான் அவளுடைய சம்பளம் நின்றது. தாபரிப்பு நியாயமாவது அங்கேதான்.

எல்லாப் பிரிவுக்கும் இதைச் சொல்லமாட்டேன். இருவரும் உழைத்து, பிள்ளையில்லாமல், ஒரு வருசத்தில் பிரிந்தால் நானே வேண்டாம் என்பேன். புருசன் வருத்தக்காரனாகி மனிசி உழைத்தால் அவள்தான் கொடுக்கவேண்டும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் ஆண், பெண் இருவருக்கும் பொது. ஆனால் அது கலியாணம் இருக்கும் வரைக்கும்தான். விவாகரத்து என்று வந்தால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின்படி மொத்தமாகவோ மாதாமாதமோ கொடுக்கும்படி மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடலாம். அதற்காகக் காத்திருக்காதே.

முதலில் காப்புக்கு ஈடான காசைக் கொடு, இன்றைய பவுண் விலையில். பிறகு அவள் டிப்ளோமா முடித்து வேலையில் நிற்கும் மட்டும், ஒரு மூன்று வருசம், மாதாமாதம் அனுப்பு. ஆயுளுக்கும் கேட்கவில்லை, அவளும் கேட்கமாட்டாள்.

லோயரை அனுப்பாமல் நீயே அவளோடு பேசு. அந்த ரசீது இப்போது என்னிடம் இருக்கிறது. படமெடுத்து இன்று இரவு அனுப்புகிறேன், திகதிகளைப் பார்.

உன் அக்கா