சிவப்பணுவுக்கு உட்கரு வைத்த மாணவர் இணைப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் இணைப்பில், ‘மனித உடலின் எல்லாச் செல்களிலும் உட்கரு உண்டு, ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. விந்தணுவிலும் கருமுட்டையிலும் 23தான் என்பதும் தெரியும். இரண்டிலும் 46 என்றால் பிறக்கும் பிள்ளைக்கு 92 அல்லவா வரும்? பக்கம் பார்க்கிறவர் அன்று லீவு போலிருக்கிறது. ராசிபலனில் ஒரு கிரகம் இடம் மாறியபோது மட்டும் மறுநாளே வருத்தம் தெரிவித்தீர்கள்.

எங்கள் கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் இணைப்புதான் கைடு. நான் வேலை பார்த்த காலத்தில் மலையாளப் புத்தகம் ஜூனிலேயே வந்துவிடும், தமிழ்ப் புத்தகம் வருவதற்குள் ஓணப் பரீட்சை நெருங்கிவிடும். மைக்ராஸ்கோப்பும் பீரோவுக்குள்தான், இன்ஸ்பெக்‌ஷன் அன்று துடைத்து மேசைக்கு வரும். சண்டை போட்டுச் சாவி வாங்கினேன். கன்னத்தின் உட்புறம் சுரண்டி மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால் உட்கரு கருநீலப் புள்ளியாகத் தெரியும். சாயம் ஏற்றிய இரத்த ஸ்லைடில் வெள்ளையணுக்களில்தான் அது ஊதாவாக இருக்கும். சிவப்பணுவின் நடுவே வெளிறிய இடத்தைக் காட்டி, “இதுதானே டீச்சர்?” என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். இல்லை என்று புரியவைக்கவே ஒரு பீரியட் போய்விடும். இப்போது டியூஷனுக்கு வரும் பிள்ளை உங்கள் பேப்பரை நீட்டி, “அச்சிலேயே போட்டிருக்கே” என்கிறது.

சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். எங்கள் மாவட்டத்து அட்டப்பாடியில், சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாளணு நோய் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. என்னிடம் படித்த, அங்குள்ள அகளி ஊர்ப் பெண் ஒருத்திக்குக் கை கால் வலி வந்தபோது சாமி குற்றம் என்றார்களாம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று எனப் பழுதான மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் அந்த நோய். இருவரும் அதைக் கடத்துபவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் ஆளுக்குப் பாதி, அதாவது 23, என்பது தெரியாத பிள்ளை இந்தக் கணக்கை எப்படிப் போடும்?

இதற்கு முன்பும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. பரவாயில்லை, நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம்.

திருத்தத்தை அதே கொட்டை எழுத்தில் போடுங்கள். அப்புறம், வேலந்தாவளம் எல்லை தாண்டி வரும் பேப்பர் கட்டுகளில் பல வாரம் இணைப்பே இருப்பதில்லை. ஏஜெண்டைக் கேட்டால் கோயம்புத்தூரிலேயே வைப்பதில்லை என்கிறார். அதையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.