விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வரும் புத்தகங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாளில், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பள்ளியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வருவார்கள். செடிகொடி, கடற்பாசி, தோட்ட அமைப்பு ஆகிய மூன்றையும் பற்றிய புத்தகங்களாகவே இந்த ஆண்டு தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் கிழக்குச் சுவரை ஒட்டிய வெற்றிடத்தில் தோட்டம் போடப் போகிறோம். அதற்கான வரைபடத்தைப் பிள்ளைகளே வரைய வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு அவர்கள் முதலில் பார்க்கவும் படிக்கவும் வேண்டும். அதில் உங்கள் உதவி எனக்குத் தேவை.

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மார்கள் சிலர், "எனக்குப் படிக்கத் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே முதல் புத்தகமாக 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' நூலைச் சொல்கிறேன். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு மலபார்ச் செடிகளைப் பற்றித் தொகுத்த பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட நூல் இது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. நூலில் அவர் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. ஆனால் எந்தச் செடி எது, எந்த நோய்க்கு எந்த வேர் என்று சொன்னவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். தம் குடும்பத்து ஓலைச்சுவடியில் இருந்ததையும் தம் அனுபவத்தில் கண்டதையும் சொன்னதாக அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம், அவருடைய கையெழுத்து வடிவத்திலேயே முதல் தொகுதியில் இருக்கிறது. லத்தீன் மொழியில் இருந்த இந்த நூலை தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் கொண்டுவந்தார். படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் ஊரிலும் வளரும் செடிகளின் படங்களை அச்சிட்டுத் தைத்து வைத்திருக்கிறோம். அந்தப் படங்களைப் பார்த்து, இது எங்கே முளைக்கும், ஆடு தின்னுமா, எதற்கு அரைத்துப் போடுவார்கள் என்று நீங்கள் சொன்னால் போதும். பிள்ளை எழுதிக்கொள்ளும். இட்டி அச்சுதன் செய்ததும் அதைத்தான்.

இரண்டாவது, கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. தினைப்புனம் காக்கப் போன பெண்கள் அருவியில் நீராடி, பூப்பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். அந்த இடத்தில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். மலையைப் பாடும் பாட்டுதான். ஆனாலும் அந்த வரிசையில் அடும்பு இருக்கிறது, தாழை இருக்கிறது, புன்னையும் ஆவிரையும் பூளையும் இருக்கின்றன. அடும்பைத் தேடி நம் பிள்ளைகள் எங்கும் போக வேண்டாம். கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும் கொடிதான் அது. பத்துப் பூக்களையாவது நேரில் கண்டு, அந்த வரியின் பக்கத்தில் இடத்தையும் தேதியையும் குறித்து வரச் சொல்லியிருக்கிறோம். மனப்பாடம் செய்ய வேண்டாம். பார்த்தால் தானாக நினைவில் நிற்கும்.

நான் மிகவும் விரும்பிச் சேர்த்த புத்தகம் பாசியைப் பற்றியது. அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1843இல் வெளியிடத் தொடங்கிய பிரிட்டிஷ் கடற்பாசிப் படநூல் அது. ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். அவர் கேமரா பயன்படுத்தவில்லை. இரும்பு உப்புக் கலவை பூசிய தாளின்மேல் காய்ந்த பாசியை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டினார். வெயில் பட்ட இடம் தண்ணீரில் அலசியதும் ஆழ்ந்த நீலமாகிறது. பாசி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கிறது. மயிரிழை போன்ற கிளைகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. கீழே உள்ள பெயர்களும் அவருடைய கையெழுத்துதான். அவையும் அதே முறையில் பதிந்தவை. நியூயார்க் பொது நூலகம் தன்னிடமுள்ள பிரதியை இணையத்தில் வைத்திருப்பதால் நாமும் பார்க்க முடிகிறது. படங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறோம், பெயர்களைத் தவிர எழுத்தே இல்லாவிட்டாலும் இது புத்தகம்தான்.

அந்தப் பக்கங்களை உங்கள் பிள்ளை புரட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுத்துவரும் தாய்மார்கள் நம் பள்ளியில் நிறைய இருக்கிறீர்கள். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) கிடைக்கும், கஞ்சிப்பாசி எப்போது தழைக்கும், கட்டக்கோரை எப்போது அறுந்து கரையொதுங்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள் (இரண்டும் கூழாகக் கெட்டிப்படுத்தும் பொருள்கள்) என்பது மட்டுமே எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மற்றதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம். ஓ. பி. அய்யங்கார், மன்னார் வளைகுடாவில் நமக்கு எதிரே இருக்கும் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927இல் எழுதியிருக்கிறார். அவர் ஆராய வந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். இது அவர்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

பாசி ஒட்டும் குறிப்பேடு ஒன்றையும் கொடுத்தனுப்புகிறோம். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, பாசியை மிதக்கவிட்டு, கெட்டித் தாளை அடியில் நுழைத்து, கிளைகளைத் தூரிகையால் பிரித்துவிட்டு மெதுவாக மேலே தூக்க வேண்டும். மேலே வெள்ளை மல் துணியைப் போட்டு, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான பொருளால் அழுத்த வேண்டும். செய்தித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். மெல்லிய பாசிகள் தம் பசையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. அங்கே பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். பவளத்தைத் தொடவே வேண்டாம்.

தோட்ட அமைப்புக்கு இரண்டு நூல்கள். ஜெர்ட்ரூட் ஜீகில் என்ற ஆங்கிலத் தோட்டக் கலைஞர் குழந்தைகளுக்காக 1908இல் எழுதிய நூல் ஒன்று. ஓவியம் பயின்ற அவர், பார்வை மங்கிய பிறகு தோட்டத்தில் முழுமையாக இறங்கியவர். அதில் வரும் செடிகளில் பல நம் மணலிலும் உப்புக் காற்றிலும் பிழைக்காது. அவற்றை விட்டுவிட்டு, ஒரு சிறுமியோ சிறுவனோ தன் சொந்தத் தோட்டத்தை எப்படித் திட்டமிடலாம் என்று அவர் காட்டுவதை எடுத்துக்கொள்ளலாம். மற்றொன்று, இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டை அருகே உருவாக்கிய லுணுகங்கா தோட்டத்தைப் பற்றி 1990இல் வந்த படநூல். பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கி, வாழ்நாள் முழுக்க அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்து பார்த்தால் ஏரி தெரிய வேண்டும் என்பதற்காகக் குன்றின் உச்சியையே தாழ்த்தினார். விலை கூடுதலான நூல் என்பதால் வீட்டுக்குத் தர இயலாது. ஓவிய ஆசிரியர் தம் சொந்தப் பிரதியை விடுமுறையில் சனிக்கிழமை காலைகளில் பள்ளியில் வைத்திருப்பார்.

படித்துவிட்டு வரைவதுதான் முக்கியம். வீட்டு முற்றத்தையோ கொல்லையையோ நாடாவால் அளந்து, காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கிணற்று நீர் உவர்ப்பா நன்னீரா என்று குறிக்க வேண்டும். பூவரசையும் புன்னையையும் காற்று வரும் பக்கத்தில் வைத்து, அவற்றின் மறைவில் கீரைப் பாத்தி போடலாம் என்பது என் யோசனை. ஆனால் இந்த மண்ணில் மரம் வைத்துப் பார்த்தவர்கள் நீங்கள். வேறு மாதிரிச் சொன்னால் பிள்ளை அதையே வரையட்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு தாவரவியலாளர் சாந்தபாவ் பரவலாகக் காணப்படும் மரங்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூலும், ஜப்பானிய இயற்கை உழவர் ஃபுகுவோக்காவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யின் தமிழ்ப் பதிப்பும் உண்டு. ஆங்கிலம் முழுக்கப் புரியவில்லை என்று பிள்ளை சொன்னால் கவலைப்பட வேண்டாம். மரத்தின் முன் நின்று படிக்கும்போது பாதி விளங்கிவிடும்.

புத்தகத்தில் மண் ஒட்டினாலும் ஈரம் பட்டாலும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அபராதம் எதுவும் வாங்க மாட்டோம். வெளியே எடுத்துப் போகத்தான் கொடுக்கிறோம்.

புத்தகங்களைக் கொடுக்கும் நாள் ஏப்ரல் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை 4 மணி. ஒரு பிள்ளைக்கு ஒருவராவது வந்து கையெழுத்தோ கைநாட்டோ இட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அன்று பாசிகளைப் பற்றி நம் தாய்மார்களில் இருவர் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடலுக்குப் போகும் நாளாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், உங்களுக்கு ஏற்ற வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்