பிரமிடு கட்டியவர்களின் கணக்கு நோட்டைக் கொஞ்சம் புரட்டுங்கள்

பழங்கால மர்மங்கள் என்று தமிழில் வீடியோ போடும் யூடியூப் சேனல் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் உழைப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எடிட்டிங், குரல், பின்னணி இசை எல்லாமே பிரமாதம். ஆனால் எகிப்து பிரமிடு என்றதும் ஏன் எல்லோருக்கும் பறக்கும் தட்டு ஞாபகம் வந்துவிடுகிறது? “4,500 வருஷத்துக்கு முன்னால் இது மனுஷனால் ஆகிற காரியமா?” என்று கேட்டுவிட்டு நேராக விளம்பரத்துக்குப் போய்விடுகிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆளின் கையெழுத்திலேயே இருக்கிறது.

2013இல் செங்கடல் கரையோரம் வாடி அல்-ஜார்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தலேயின் குழுவுக்குப் பாப்பிரஸ் ஏடுகள் (நாணல் தண்டில் செய்த பழங்காலத் தாள்) கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை இவைதான். அவற்றில் ஒன்று மெரெர் என்ற மேற்பார்வையாளரின் வேலைப் பதிவேடு. கீசாவில் பெரிய பிரமிடை எழுப்பிய கூஃபு மன்னனின் ஆட்சி முடியப்போகிற காலம். மெரெருக்குக் கீழே ஏறக்குறைய 40 ஆட்கள். நைலின் கிழக்குக் கரையில் துரா கல்குவாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறார்கள், படகில் கீசாவுக்குக் கொண்டுபோகிறார்கள், வழியில் இரவு தங்குகிறார்கள், இறக்கிவிட்டு மறுபடி துராவுக்கே திரும்புகிறார்கள். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. லாரி டிரைவரின் டிரிப் ஷீட்டைப் படிப்பது போலத்தான் இருக்கிறது. பெருமையடித்து ஒரு வரி கிடையாது. கூடக் கிடைத்த கணக்கு ஏடுகளில் ஆட்களுக்கு வந்து சேர்ந்த உணவு வரவு.

அந்தப் பதிவேட்டில் பெரிய அதிகாரியாக வருபவர் அன்க்ஹாஃப். கூஃபுவுக்கும் இவருக்கும் தகப்பன் ஒன்று, தாய் வேறு என்று கருதுகிறார்கள். இவருடைய மார்பளவுச் சிலை பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே சதை தொங்க, தூக்கம் கெட்ட மேஸ்திரி முகம்.

எல்லாம் தெரிந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அத்தனை உயரத்துக்குக் கல்லை இழுத்த சாய்தளம் எந்த வடிவம் என்று ஆய்வாளர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2017இல் மியூவான் துகள்களை (வானிலிருந்து வந்து கல்லையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) கொண்டு ஆராய்ந்தபோது, அந்தப் பிரமிடுக்கு உள்ளேயிருக்கும் பெரிய நடைபாதைக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெற்றிடம் தெரிந்தது. எதற்காக விட்டார்களோ! 146 மீட்டர் உயரத்துக்குச் சமாதி எழுப்பிக்கொண்ட ராஜாவுக்கு, பெயரோடு முழுசாகக் கிடைத்த சிலை சுமார் 7.5 சென்டிமீட்டர் தந்தப் பொம்மைதான். அதுவும் கீசாவில் இல்லை, தெற்கே வெகுதூரத்தில் அபிடோஸில். மர்மம்தான் வேண்டும் என்றால் இது போதாதா?

பழைய வீடியோக்களை நீக்கச் சொல்லவில்லை. வியூஸ் போய்விடும், புரிகிறது. அடுத்த எகிப்து வீடியோவில் மெரெருக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். 1990இலிருந்து கீசாவில் தோண்டியெடுத்த தொழிலாளர் கல்லறைகளையும் காட்டுங்கள். முறிந்து, வைத்தியம் பார்த்து, மறுபடி கூடிய எலும்புகள் அங்கே கிடைத்திருக்கின்றன. தம்ப்நெயிலில் கேள்விக்குறியும் சிவப்பு வட்டமும் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்