அந்தப் பையன் விலைபோகவில்லை, செம்பூர் வாசகரே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் செம்பூர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். தாராவியில் வளர்ந்து, நம் பேட்டைத் தமிழிலேயே பாடிப் பேர் வாங்கிய ஒரு பையன், தன் பாட்டை ஷூ கம்பெனி விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டான், விலைபோய்விட்டான், இனி அவனைக் கலைஞன் என்று சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தார். அந்தப் பையனை எனக்குத் தெரியும். விளம்பரத்துக்குப் பாடினால் என்னென்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும், ஏனென்றால் 1986இலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் நானும் அதைச் செய்தவள்.

இந்த மும்பையில் விளம்பரத்தை முதலில் இந்தியில் எடுப்பார்கள், அப்புறம் அதையே தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் என்று மாற்றுவார்கள். தமிழுக்கு ஆள் வேண்டுமென்றால் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போன் வரும், பாட்டுக் கற்றுக்கொண்ட தமிழ்ப் பெண்கள் அங்கே நிறையப் பேர் இருந்தோம். பேங்க் வேலை முடிந்ததும் சர்ச்கேட்டில் ரயில் ஏறி மகாலட்சுமியில் இறங்கி ஸ்டூடியோவுக்கு நடப்பேன். முப்பது வினாடிப் பாட்டுதான், ஆனால் திரையில் அந்தப் பெண் இந்திக்கு வாயைத் திறக்கும் இடத்தில் தமிழுக்கும் திறந்தாக வேண்டும். ஒரு தேங்காய் எண்ணெய் விளம்பரம் இன்னும் நினைவிருக்கிறது. இந்தியில் முடிக்கு 'பால்'. அந்த இடத்தில் 'கூந்தல்' என்று பாடினால் உதடு குவிந்துவிடும், ஒட்டவே ஒட்டாது. நானும் வரி எழுத வந்தவரும் ஒன்றரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 'மாலை வரை மணக்கும்' என்று வரியையே திருப்பிப் போட்டோம். 'மா' வந்ததும் உதடு மூடித் திறந்தது, படத்தோடு அப்படியே உட்கார்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர், எழுந்து நின்று கை தட்டினார்.

வேலை முடிந்தால் ஒரு வவுச்சர். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், அதன் மேல் கையெழுத்து, கையில் ரொக்கம். நகல் கொடுக்க மாட்டார்கள், கேட்கவும் தோன்றாது. அத்தனை வருடத்தில் எந்த வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அந்த எண்ணெய்ப் பாட்டு தூர்தர்ஷனில் வருடக்கணக்கில் ஓடியது. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் குழந்தைகள் அதைப் பாடிக்கொண்டே பந்திக்கு நடுவில் ஓடினார்கள். பாடினது நான்தான் என்று அம்மா சொன்னபோது யாரும் நம்பவில்லை, பாடிக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் உண்மையானது. அதை யாரும் இழிவு என்று சொல்ல நான் விடமாட்டேன்.

எனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் சொன்னார். சோப்புக்கும் எண்ணெய்க்கும் பாடுகிற வாயால் தியாகராஜரைப் பாடாதே என்று மூன்று மாதம் பாடத்தை நிறுத்திவிட்டார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை இன்றும் குறையவில்லை. ஆனால் அதே வருடம் அவர் கச்சேரி செய்த மேடையில், அவர் தலைக்கு மேலேயே ஒரு பட்டுப்புடவைக் கடையின் பேனர் தொங்கியது. அவருக்குப் போட்ட பொன்னாடையும் கவரில் வைத்துக் கொடுத்த சன்மானமும் அந்தக் கடைக் காசில் வந்தவை. இதில் தப்பே இல்லை, அந்தக் கடைக்காரர் இல்லாவிட்டால் அன்று கச்சேரியே இல்லை. சென்னையில் மார்கழி சீசன் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. பேனருக்குக் கீழே உட்கார்ந்து பாடினால் சாஸ்திரியம், பேனருக்காகவே பாடினால் இழிவு என்ற கணக்கு மட்டும் எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

செம்பூர் வாசகரும் தியாகராஜரைத்தான் சொல்லியிருந்தார், சரபோஜி மன்னரின் செல்வம் வேண்டாம் என்று மறுத்தவர் என்று. சரி, அவர் மகான், தெருத்தெருவாகப் பாடிப்போய் வீடுகளில் இடும் அரிசியை வாங்கி உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார். ஆனால் தமிழில் அதற்கும் ஆயிரத்தைந்நூறு வருடம் முன்னாலேயே பாணரும் பொருநரும் பாடிப் பரிசில் வாங்கித்தான் பிழைத்தார்கள். எந்த அரசனிடம் போனால் நன்றாகக் கொடுப்பான் என்று ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்வதற்கே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகை வைத்திருந்தோம். கூலி வாங்குவதில் அவர்களுக்கு வெட்கமே இல்லை. அவர்களுக்குப் பொறுக்காதது வேறு. புறநானூறு 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், மலை பல கடந்து அதியமானைப் பார்க்கப் போகிறார். அவனோ இவரை நேரில் காணாமலே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசைக் கொடுத்தனுப்புகிறான். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்கிறார் புலவர். என்னைப் பார்த்து, என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு கொடுத்தாலும் எனக்கு இனிது என்கிறார். இதை முப்பது வருடம் முன்னாலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த வவுச்சரைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இதுதான் நான் சொல்ல வருவது. பாட்டை விளம்பரத்துக்குக் கொடுத்தானா என்று கேட்காதீர்கள். கொடுத்தது அவனா, அவனைக் கேட்டார்களா, மாட்டேன் என்று சொல்லும் இடம் அவனுக்கு இருந்ததா என்று கேளுங்கள்.

ஏனென்றால் பெரும்பாலும் அந்த இடம் இருப்பதில்லை. நாம் உயிராய் நினைக்கும் சினிமாப் பாட்டுகள் பலவும் எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சொந்தமில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கொடுத்துச் செய்ய வைத்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவரிடமிருந்து ஆடியோ கம்பெனிக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு கம்பெனிக்கு. என் அப்பா எங்களைத் தூங்க வைக்கப் பாடிய ஒரு பழைய சினிமாப் பாட்டு, சில வருடம் முன்பு வார்த்தை மாற்றி ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் வந்தது. நான் எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டேன், அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆகவே செம்பூர் வாசகரின் மனவருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, அவர்களை யார் கேட்டார்கள்? அவர்களை விலைபோனவர்கள் என்று திட்ட முடியுமா?

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1987இல் பீட்டில்ஸ் பாட்டு ஒன்று ஷூ விளம்பரத்தில் வந்தபோது அந்தக் குழுவின் ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்களுடைய பெரும்பாலான பாட்டுகளின் பதிப்புரிமை அப்போது மைக்கேல் ஜாக்சன் கையில் இருந்தது, 1985இல் அவர் வாங்கியிருந்தார். உலகத்திலேயே பெரிய பாட்டுக் குழுவுக்கே அந்த நிலைமை. டாம் வெயிட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் விளம்பரத்துக்குப் பாடுவதே இல்லை என்று இருந்தவர். ஒரு சிப்ஸ் கம்பெனிக்காக அவர் குரல் மாதிரியே பாடும் ஆளை வைத்துப் பாட வைத்தார்கள். அவர் வழக்குப் போட்டு இருபது லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு வாங்கினார். மாட்டேன் என்ற ஒரு சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

இங்கே 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காகப் போராடினார். சினிமாப் பாட்டு தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர வேறு எங்கே பயன்பட்டாலும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு, அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பாடுகிறவர்களுக்கும் பங்கு வந்தது. என் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் இது காசைப் பற்றிய உரிமை, இந்தப் பொருளுக்கு என் பாட்டைக் கொடுக்காதே என்று தடுக்கும் உரிமை இதோடு சேர்ந்து வராது. அதை ஒப்பந்தத்தில் நாமே எழுதி வாங்கினால்தான் உண்டு.

நம் ரசிகர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் இளையராஜா, தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது எத்தனை பேர் அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று பேசினார்கள். பாட்டைக் கொடுத்தால் விலைபோனான், என் பாட்டு என்று கேட்டால் பேராசை. அப்படியானால் அந்த மனிதர் என்னதான் செய்வது? ஏ.ஆர்.ரகுமான் 1992இல் சினிமாவுக்கு இசையமைக்க வருமுன் நிறைய விளம்பரங்களுக்கு இசை போட்டவர்தான், 2002இல் ஏர்டெல்லுக்கு அவர் போட்ட மெட்டு செல்போனில் ஒலிக்காத தெரு இல்லை. நம் மாஹிமில் வளர்ந்த ஜாகிர் உசேன் டீ விளம்பரத்தில் தபலா வாசித்தார், அந்த முப்பது வினாடியில்தான் தபலாவை முதல் தடவை உட்கார்ந்து கேட்டவர்கள் என் பேங்கிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் வாசிப்பு அதனால் ஒரு துளி குறைந்ததா?

இப்போது அந்தப் பையன் விஷயம். அவன் அப்பா விடியற்காலை நான்கு மணிக்கு இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், அதனால் அவன் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான். போன மழைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பதினோரு பக்க ஒப்பந்தத்தோடு வந்து நின்றான். "அத்தை, இங்கிலீஷ் புரியுது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்றான். சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தோம். உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக, வரிகளை மாற்றவும் சேர்க்கவும் நீக்கவும் கம்பெனிக்கு முழு உரிமை. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் நம் சட்டப்படி ஐந்து வருடம்தான், எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். அதனால்தான் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற வார்த்தைகளை மறக்காமல் போடுகிறார்கள்.

அவன் பாட்டில் ஒரு வரி வரும், மழைக்குத் தகரக் கூரை ஒழுகி, பாட்டி கட்டில்மேல் பாத்திரம் வைத்து விடிய விடிய மாற்றிக்கொண்டிருப்பது. அந்த வரியை எடுத்துவிட்டு ஓடு, ஓடு என்று ஏதோ போட வேண்டும் என்றார்கள். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "பாட்டியை எடுத்தா பாட்டு என்னோடது இல்ல அத்தை" என்றான். ஒரு வருடம், இந்தியாவில் மட்டும், அந்த ஒரு பொருளுக்கு மட்டும், ஒரு வரியும் மாறக்கூடாது என்று திருப்பி எழுதி அனுப்பினோம். மூன்று வாரம் இழுத்தடித்து ஒத்துக்கொண்டார்கள், காசில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு. செம்பூர் வாசகர் அந்த விளம்பரத்தை இன்னொரு தடவை கேட்கட்டும், பாட்டி அதில் இருக்கிறாள்.

இன்னொன்றையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஷூ விளம்பரம் வந்த பிறகு ஓர் ஏலக்காய் விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள், நாலு மடங்கு காசு. மகாராஷ்டிராவில் குட்காவுக்கு 2012இலேயே தடை வந்துவிட்டது, ஆனாலும் பான் மசாலா பெயரை ஏலக்காய்ப் பாக்கெட்டில் போட்டு விளம்பரம் செய்கிறார்களே, அந்த வகை. அவன் சித்தப்பாவுக்கு வாயில் புற்று வந்து பரேல் டாடா ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் குடும்பம் ஒரு வருடம் அலைந்தது. அவன் யோசிக்கக்கூட இல்லை, முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான். என் கணக்கில் விலைபோவது என்று ஒன்று உண்டென்றால் அந்த விளம்பரத்துக்குப் பாடுவதுதான், அதில் எத்தனை பெரிய பேர் இருந்தாலும் சரி.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செல்போனிலேயே பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகள் இப்போது எத்தனையோ பேர். நிரந்தரம், பிரத்யேகம், உரிமை மாற்றம் என்று ஒப்பந்தங்களில் வரும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம், எதில் கையெழுத்துப் போட்டால் எது கைவிட்டுப் போகும், பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் உள்ள உரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். இதே மும்பையில் 1969இலிருந்து இருக்கிறதே, அதில் எப்படிச் சேர்வது என்று ஒரு வக்கீலை வைத்து உங்கள் ஞாயிறு இதழில் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பையனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் என்னிடம் காகிதத்தோடு வரப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதில் ஒரு பெண்ணுக்கு வயது பதினேழு. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு ஒப்பந்தத்தில் படித்துக்கொண்டது மட்டும்தான், அவர்களுக்கு அது போதாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சயான் கோலிவாடா, மும்பை